ஒரு நிமிடத்துக்கு எத்தனை தாள்

கையால் வரையும் அனிமேஷனில் செலவைத் தாள் கணக்கில்தான் பார்க்க வேண்டும். திரையில் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன, நிமிடத்துக்கு 1,440. ஒரு படத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினால் 720 படம் போதும். மூன்றுக்கு நிறுத்தினால் 480. ஒருவர் நாளுக்கு 20 தாள் முடிப்பதாக வைத்துக்கொண்டால், இந்த இரண்டுக்கும் இடையே 12 நாள் வித்தியாசம். இரண்டு சட்ட நிறுத்தம் கண்ணை உறுத்துவதில்லை. மூன்று, நிதானமான அசைவுக்குப் பொருந்தும். ஓட்டமும் வீழ்ச்சியும் அதில் தத்தித் தத்திப் போகும்.

வேலை ஒலியில் தொடங்குகிறது. வசனத்தையும் இசையையும் முதலில் பதிவு செய்து, ஸ்டோரிபோர்டு படங்களை அதன்மேல் வரிசையாக வைத்து ஓட்டிப் பார்க்கிறார்கள். இதற்கு அனிமேட்டிக் என்று பெயர். வெட்ட வேண்டியதை இங்கேயே வெட்டிவிட வேண்டும். பத்து நொடிக் காட்சியை வரைந்து முடித்தபின் தூக்கிப் போட்டால் 120 தாள் உழைப்பு வீண். பிறகு எந்தப் படம் எத்தனை சட்டம் நிற்கும் என்பதை டோப் ஷீட்டில் வரிவரியாக எழுதிக்கொள்கிறார்கள்.

கருவிகளுக்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. தாள்கள் இம்மியும் நகராமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார பெக் பார் தேவை. அலுவலகப் பஞ்சால் தாளில் இரண்டு துளை போட்டு, அதே தடிமனில் இரண்டு குச்சிகளை மரச்சட்டத்தில் ஒட்டினால் அதுவே பெக் பார். கண்ணாடிப் பலகைக்கு அடியில் விளக்கு வைத்தால் லைட் பாக்ஸ்.

அசைவின் தொடக்கம், உச்சம், முடிவு ஆகிய கீ படங்களைத் தலைமைக் கலைஞர் வரைகிறார். இடையில் வருபவை இன்பிட்வீன் கலைஞரின் பொறுப்பு. அவர் இரண்டு கீ படங்களையும் விளக்கொளியில் அடுக்கி, விரலிடுக்குகளில் தாள்களைக் கோத்து, முன்னும் பின்னும் புரட்டிப் புரட்டிப் பார்த்தபடி நடுநிலையைக் கண்டுபிடிக்கிறார். வீசும் கையை இரு நிலைகளுக்கு நடுவே நேர்க்கோட்டில் வைத்தால் அது பாதிவழியில் குட்டையாகிவிடும். தோளிலிருந்து வில்லாக வளையும் பாதையில் அதை வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். இதைப் பழகப் பல மாதங்கள் பிடிக்கும். பெயர்ப்பட்டியலில் கடைசியில் வரும் இவர்களது கூலியில் கைவைப்பதைவிடத் தாள்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே நேர்மையான சிக்கனம்.

அதற்கான வழிகளை இந்தத் தொழிலே கண்டுபிடித்திருக்கிறது. 1914இல் வெளிவந்த ‘கெர்ட்டி த டைனோசர்’ படத்துக்கு வின்சர் மெக்கே உருவங்களை வரைய, அவருடைய உதவியாளர் ஜான் ஃபிட்ஸிமன்ஸ் அசையாத பின்னணியைத் தாளுக்குத் தாள் திரும்ப நகலெடுத்தார். செல்லுலாய்டு தகடு வந்ததும் அந்த உழைப்பு ஒழிந்தது: பின்னணி ஒருமுறை, அதன்மேல் உருவம் மட்டும் பலமுறை. 1958இல் தொலைக்காட்சிக்கு வந்த யோகி கரடியின் கழுத்துப்பட்டை அழகுக்காக மட்டும் வந்ததன்று. உடலை அப்படியே நிறுத்தித் தலையை மட்டும் மாற்றி வரையும்போது இணைப்பை அது மறைத்தது. நடைக்கு இரண்டு எட்டுகளை 12 படங்களில் வரைந்து சுழற்றலாம். உருவம் சும்மா நிற்கும் இடத்தில் ஒரே படத்தை மூன்றுமுறை வரைந்து மாற்றி மாற்றி ஓட்டினால், கோடு மெல்ல நடுங்கி உருவம் மூச்சுவிடுவதுபோல் இருக்கும்.

பில் பிளிம்ப்டனின் ‘யுவர் ஃபேஸ்’ (1987) இதற்கெல்லாம் சிறந்த பாடம். நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் பாடுகிறார்; முகம் மட்டும் விதவிதமாக உருமாறுகிறது. வேறு காட்சி இல்லை. வரைந்தது வண்ணப் பென்சில்களால். பாடிய மரீன் மெக்கெல்ஹெரனின் குரலையே வேகம் குறைத்து ஆண்குரலாக்கிக்கொண்டார்கள். படம் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

கீ படங்கள் முடிந்ததுமே அவற்றைப் படமெடுத்து ஓட்டிப் பார்ப்பது லைன் டெஸ்ட். பிழை இங்கே அகப்பட்டால் ஓரிரு தாளோடு போகும். வண்ணம் தீட்டியபின் செய்யும் படப்பிடிப்புக்குத் தாங்கியில் பொருத்திய கைப்பேசியே போதும். குவியத்தையும் ஒளியளவையும் பூட்டிவிட வேண்டும். பகல் வெளிச்சம் மேகத்தோடு மாறி, படம் மினுக்கும் என்பதால் சன்னலை மூடி, இருபுறமும் சாய்வாக விளக்கு வைத்து எடுக்கிறார்கள். தாளின் மூலையில் எழுதிய எண்ணை டோப் ஷீட்டோடு ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் தாளை மாற்றுகிறார்.