பாறையும் தோட்டமும்

ஜென் ஞானக் கதைகள் இன்று தமிழில் பரவலாகச் சொல்லப்படுகின்றன. சொல்வோர் பலர், பொருள் ஆய்வோர் சிலரே. அவற்றுள் ஒன்றுக்கு நம் பக்கத்து மண்ணோடு உறவுண்டு. நாம் வாழும் மாங்காட்டுக்குக் காஞ்சிபுரம் வெகுதொலைவன்று. ஜென் நெறியின் முதற்குரவரான போதிதர்மர் காஞ்சியினின்று சீனம் சென்றவர் என்பது வழிவழி வரும் செய்தி.

சீனத்து லியாங் மரபின் பேரரசர் வூ (ஆட்சி 502–549) பௌத்தக் கோயில்கள் பல எழுப்பியவர், துறவிகளைப் புரந்தவர். தாம் செய்தவற்றால் விளைந்த புண்ணியம் எவ்வளவு என்று அவர் வினவ, போதிதர்மர் ஏதுமில்லை என்று விடையிறுத்தாராம். 1004-ஆம் ஆண்டில் தொகுக்கப்பெற்ற சீன நூலொன்று இதனைக் கூறுகின்றது. ஆய்வாளர் இதனை நடந்த வரலாறாகக் கொள்வதில்லை. எனினும் கதையின் பயன் அதனாற் குன்றாது.

நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர் இதனைப் படித்துவிட்டு, "அப்படியானால் பள்ளிவாசல் கட்டுவதும் ஸதகா கொடுப்பதும் வீண்தானே, ஹஜ்ரத்?" என்று கேட்டார். ஒதுக்கத்தக்க கேள்வியன்று அது. இவ்வாறு பொருள்கொண்டால், கொடுக்க மனமில்லாதவனுக்கு இக்கதை நல்லதொரு சாக்காகும். பசித்திருப்பவனுக்கோ ஒரு பிடிச் சோறு குறையும்.

செயல்களிற் சிறந்தது எது என்று தோழர்கள் வெவ்வேறு வேளைகளில் வினவியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவருக்கு உரிய நேரத்தில் தொழுவதையும், மற்றொருவருக்கு உணவளிப்பதையும் ஸலாம் உரைப்பதையும் எடுத்துரைத்தார்கள். கேட்டவரின் நிலை நோக்கி விடை மாறிற்று என்பர் ஹதீஸ் விரிவுரையாளர்.

ஜென் கதைக்கும் இவ்வளவுகோலே பொருந்தும். 'ஏதுமில்லை' என்பது கொடையைப் பற்றிய தீர்ப்பன்று. கொடுத்ததைக் கணக்கிட்டுப் பெருமை தேடிய நெஞ்சுக்குத் தந்த மருந்து. உலோபி ஒருவன் வந்து கேட்டிருப்பின் விடை வேறாகியிருக்கும் என்றே நாம் கருதுகிறோம். அல்லாஹ்விடம் நற்கூலியை ஆதரவு வைப்பதை நம் மார்க்கம் தடுக்கவில்லை. கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவதையும் முகஸ்துதியையுமே தடுக்கின்றது.

பிறர் காணக் கொடுப்பவனை, மண் படிந்த வழுக்குப் பாறைக்கு உவமிக்கின்றது திருமறை (2:264). பெருமழை பெய்தால் மண் கரைந்து வெறும் பாறையே எஞ்சும். அடுத்த வசனமோ, இறைப்பொருத்தம் நாடிக் கொடுப்போரை, அதே பெருமழையால் இருமடங்கு விளையும் மேட்டுநிலத் தோட்டத்துக்கு உவமிக்கின்றது. மழை ஒன்றே, நிலந்தான் வேறு. பாறைக்குச் சொன்ன சொல்லைத் தோட்டத்தின்மீது ஏற்றுதல் முறையன்று.