ஒரு "ஆர்" எழுத்தும் பாலைவனத்தில் ஐம்பது நிமிஷமும்

பி.காம் படிக்கிறவனுக்கு ஸ்பார்க் பிளக்கில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கணக்குப் பார்க்கத்தான் போனேன். கணக்கில்தான் சறுக்கினேன்.

என் மாமா ஷார்ஜாவில் அல் பதாயர் பக்கம் குவாட் பைக் வாடகைக்கு விடும் கடையில் மெக்கானிக். குவாட் பைக் என்றால் நாலு குண்டு டயர், நம்ம பைக் மாதிரி ஹேண்டில்பார், மணலில் ஓடும் வண்டி. துபாயிலிருந்து ஹத்தா போகிற ரோட்டில் சிவப்பு மணல் மேடுகள் வருமே, அந்த இடம். பெரிய மேட்டுக்கு 'பிக் ரெட்' என்று செல்லப் பெயர். செமஸ்டர் லீவுக்குப் போன என்னை, "சும்மா போன நோண்டிக்கிட்டு இருக்காம ஸ்டாக் கணக்கப் பாரு மாப்ள" என்று ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்.

பத்து பிளக் வாங்க வேண்டியிருந்தது. பழைய பில்லில் இருந்தது டி.பி.ஆர்.8 இ.ஏ-9. கடைக்காரர் டி.பி.8 இ.ஏ-9 என்று இன்னொன்றைக் காட்டினார். மரை ஒன்று, நீளம் ஒன்று, அந்த 8-ம் ஒன்று. விலை மட்டும் 4 திர்ஹாம் குறைவு. பத்துக்கு 40 திர்ஹாம் மிச்சம்! காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவனுக்கு வேறென்ன வேண்டும்? வாங்கிவிட்டேன். மாமா அன்று ஊரில் இல்லை. ஹெல்ப்பர் பையன் மாட்டிவிட்டான்.

நாலு நாள் கழித்து, சூரியன் இறங்குகிற நேரம். ஒரு குடும்பம் போன வண்டி மேட்டுக்குப் பின்னால் நின்றுவிட்டது என்று கைடு போன் செய்தார். ஆயத்தொலைவு எண்களையும் சொன்னார். மாமா முன்னால், நான் பின்னால் இன்னொரு வண்டியில். மாமா வண்டியின் ஹேண்டில்பாரில் ஜிபிஎஸ் கருவி, பேட்டரியிலிருந்து வயர் இழுத்து மாட்டியது. பத்து நிமிஷ தூரம்தான்.

கிளம்பி இரண்டு நிமிஷத்தில் கருவி அணைந்தது. தானாகவே திரும்ப வந்தது. அம்புக்குறி ஒரு பக்கம் காட்டுவதற்குள் மறுபடி அணைந்தது. என் போனில் 4% சார்ஜ். திரும்பிப் பார்த்தால் எல்லா மேடும் ஒரே மாதிரி. வந்த டயர்த் தடத்தைக் காற்று மூடிக்கொண்டிருந்தது. பாலைவனத்தில் இருட்டு எவ்வளவு சீக்கிரம் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் வயிற்றைக் கலக்கியது.

மாமா இன்ஜினை நிறுத்தினார். கருவி ஒழுங்காக வேலை செய்தது! ஸ்டார்ட் செய்தார். அணைந்தது. "சரி, புரிஞ்சுது" என்றார், அவ்வளவுதான். கொஞ்சம் ஓட்டுவது, நிறுத்துவது, திசை பார்ப்பது, மறுபடி ஓட்டுவது என்று ஐம்பது நிமிஷம் ஆனது. அங்கே ஒரு பத்து வயதுப் பையன் அப்பா மடியில் அழுதுகொண்டிருந்தான். பாட்டிலில் தண்ணீர் தீர்ந்திருந்தது.

மறுநாள் காலை மாமா பிளக்கைக் கழற்றி என் கையில் வைத்தார். "இதுல ஒரு எழுத்து கொறையுது பாரு."

அந்த 'ஆர்' என்பது ரெசிஸ்டர். பிளக்குக்குள் சுமார் 5 கிலோ ஓம் மின்தடை. பிளக்கில் பல ஆயிரம் வோல்ட்டில் பொறி தாவும்போது ரேடியோ அலையும் கிளம்புகிறது. 1880-களில் ஹெர்ட்ஸ் ரேடியோ அலையை உண்டாக்கிக் காட்டியதே மின்பொறியை வைத்துத்தான். அந்த இரைச்சலை அடக்குவதுதான் ரெசிஸ்டர் வேலை. எங்கள் வண்டியில் பிளக் கேப்பும் ரெசிஸ்டர் இல்லாத மாற்று கேப். ஆகவே இரைச்சல் காற்று வழியாகவும் வயர் வழியாகவும் பக்கத்திலிருந்த கருவிக்குள் புகுந்துவிட்டது. 'ஆர்' போட்ட பிளக்கை மாட்டினார், கேப்பையும் மாற்றினார். கருவி அணையவே இல்லை.

அன்று மாமாவிடம் கற்றது இன்னும் கொஞ்சம்:

8 என்பது வெப்ப எண். என்.ஜி.கே., டென்சோவில் எண் கூடினால் 'குளிர்' பிளக், அதாவது சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும். போஷ், சாம்பியனில் நேர்மாறு. கம்பெனி மாற்றும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் மாட்டிக்கொள்வோம். பிளக் முனை சுமார் 500 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் கரி தானாக எரியும். 850-ஐத் தாண்டினால் பொறி வருமுன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். கழற்றிப் பார்த்தால் இளம் பழுப்பு நிறம் நல்லது. கறுப்புக் கரி படிந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது பிளக் அதிகக் குளிர். வெள்ளையாக வெந்திருந்தால் சூடு அதிகம். கடைசி 9 என்பது 0.9 மி.மீ. இடைவெளி.

ஜிபிஎஸ்ஸுக்கு மொபைல் டவர் வேண்டாம், நாலு செயற்கைக்கோள் தெரிந்தால் போதும். ஆனால் வரைபடத்தை முன்பே இறக்கி வைக்க வேண்டும், கிளம்பும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். எண்ணை வாங்கும்போது எந்த வடிவம் என்று கேட்க வேண்டும். 24.50 டிகிரியும் 24 டிகிரி 50 நிமிஷமும் ஒன்றல்ல, இடையே சுமார் 37 கிலோமீட்டர்!

மாமா திட்டவே இல்லை. அதுதான் உறுத்தியது. ஸ்டாக் நோட்டில் அந்த 40 திர்ஹாமை 'மிச்சம்' என்று சிவப்பு மையில் வேறு எழுதி வைத்திருந்தேன். அதை அடித்துவிட்டு, மாற்றி வாங்கிய பத்து பிளக்கின் விலையை 'நஷ்டம்' என்று எழுதினேன். அந்தப் பையன் அழுததை எந்தக் காலத்தில் எழுதுவது என்று எங்கள் புத்தகத்தில் சொல்லித் தரவில்லை.