நாரை பறக்காத கண்மாயில் ஒரு பி.எச்டி.!

சித்திரை வெயில்ல கண்மாய் பார்க்கப் போறேன்னு சொன்னதும் ஹாஸ்டலே சிரிச்சது. கண்டுக்காம ராமநாதபுரத்தில் பஸ் ஏறி, ஆர்.எஸ்.மங்கலத்தில் இறங்கினேன். முழுப் பெயர் ராஜசிங்கமங்கலம். 'நாரை பறக்காத 48 மடைக் கண்மாய்' இங்கேதான் இருக்கு. இந்தக் கோடியில் கிளம்பின நாரை, நடுவில் இறங்கி மூச்சு வாங்காம அந்தக் கோடிக்குப் போக முடியாதாம். கரையில் ஏறிப் பார்த்தா, அது சும்மா பீலா இல்லைனு புரியுது. கண்ணுக்கு எட்டின வரைக்கும் கரைதான்!

இந்த மாவட்டத்துக்குப் பெரும்பாலான மழை அக்டோபர் டு டிசம்பர்தான். அந்த மூணு மாசத் தண்ணியைப் பிடிச்சு வெச்சாத்தான் நெல்லு, சோறு எல்லாம். அதுக்குத்தான் வரத்துக்கால், கரை, மடை, மிச்சத் தண்ணி வழிஞ்சு அடுத்த கண்மாய்க்குப் போக கலுங்கு... கரன்ட் இல்லாம, வெறும் சரிவை நம்பி ஓடுற சிஸ்டம். தமிழ்நாடு முழுக்க இப்படி சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கு.

இன்ஜினீயரிங் புத்தி சும்மா இருக்குமா? கொள்ளளவு, வண்டல், சாட்டிலைட் படம்னு நான் அடுக்க, மடை பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பொறுமையா கேட்டார்.

"தண்ணி எம்புட்டு நிக்கும்னு மெஷின் சொல்லிரும். தண்ணி பத்தாத வருசம் யாரு வயலுக்கு மொதல்ல தொறக்கணும்னு சொல்லுமா தம்பி?"

"அது... சொல்லாது தாத்தா."

செமஸ்டர்ல அரியர் விழுந்தப்பகூட இப்படி முழிச்சதில்லை.

கண்மாய்ப் பக்கமெல்லாம் சீமைக்கருவேலம். தூர தேசமான அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்த மரம். 'வெட்டித் தள்ளுங்க'னு நாம ஈஸியா சொல்லிடுறோம். ஆனா, மழை பொய்க்கிற வருஷம் அதை வெட்டி மூட்டம் போட்டு, கரி வித்துத்தான் இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீட்டில் உலை கொதிக்குது. மரம் எதிரியா, சோறு போடுற சாமியா? தாவரவியல், பொருளாதாரம், வரலாறு மூணையும் ஒண்ணா உட்கார வெச்சாத்தான் பதில் வரும்.

இதுக்கெல்லாம் பி.எச்டி.யே இருக்கு பாஸ்! பிரிட்டிஷ் மானுடவியலாளர் டேவிட் மோஸ், நம்ம தென் மாவட்டக் கண்மாய்களை ஆராய்ச்சி பண்ணி 2003-ல் 'தி ரூல் ஆஃப் வாட்டர்'னு புத்தகமே போட்டார். தண்ணிப் பங்குக்குப் பின்னால சாதி, கோயில் மரியாதை, அந்தக் கால அரசர்கள்னு எல்லாமே இருக்குனு காட்டினவர் அவர்.

நாம எங்கே போகலாம்? பெங்களூரு 'ஏட்ரீ'யில் இயற்கை அறிவியலும் சமூக அறிவியலும் கலந்த பி.எச்டி. இருக்கு. சென்னையில் ஐ.ஐ.டி. ஹியூமானிட்டீஸ்-சமூக அறிவியல் துறை, 1971-ல் தொடங்கின எம்.ஐ.டி.எஸ். இருக்கு. 1955-ல் இருந்து இயங்குற புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் சூழலியலும் சமூக அறிவியலும் ஒரே கட்டடத்தில் நடக்குது. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி, நாலு வருஷ டிகிரியில் 75 சதவிகிதம் இருந்தா நேரா பி.எச்டி.க்கு அப்ளை பண்ணலாம். 'நெட்' எழுதி ஜே.ஆர்.எஃப். கிடைச்சா, 2023-ல் உயர்த்தின கணக்குப்படி மாசம் 37,000 ரூபாய். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியா கண்டிஷன் வெச்சிருக்கும், படிச்சுட்டு அப்ளை பண்ணுங்க.

குறிஞ்சி, முல்லைனு நிலத்தையும் மனுஷனையும் சேர்த்தே பார்த்த பாஷை நம்மளோடது. நாமதான் அதை ரெண்டு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ணிட்டு மறந்துட்டோம்.

கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பேர் கொடுத்திருக்கேன். வீட்டு நிலைமை அப்படி. ஆனா, தாத்தா கேட்ட கேள்வியை நோட்டோட முதல் பக்கத்தில் எழுதி வெச்சிருக்கேன். வேலையில் சேர்ந்தாலும் அந்தப் பக்கத்தைக் கிழிக்கிறதா இல்லை.