மாடியில் இறங்கும் மென்னீர்

அக்டோபர் 19

சாயங்காலம் பருவத்தின் முதல் மழை. அரைமணி நேரம் கொட்டியதை அப்படியே மழைநீர்க் குழிக்கு விட்டேன். பல மாதத் தூசி, புறா எச்சம், வண்டிப் புகைக் கரி எல்லாம் இந்தத் தண்ணீரோடுதான் இறங்கும். மண் அதை வடிகட்டிக்கொள்ளும். நான் வளர்க்கும் மீன்களின் செவுள் தாங்காது. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அப்பா வெட்டிய குழி. அதற்குப் போகும் குழாயில் பிளம்பர் ஒரு கிளை போட்டு வால்வு வைத்துக் கொடுத்திருக்கிறார். மாடி கழுவப்பட்ட பிறகு திருப்பினால் தண்ணீர் டிரம்முக்கு வரும்.

அக்டோபர் 20

விடிய விடிய மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் மாடி 50 சதுர மீட்டர். 12 மில்லிமீட்டர் மழைக்கே 200 லிட்டர் டிரம் மூன்றும் நிரம்பிவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டீடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தேன். போர் தண்ணீர் 1,100, டிரம் தண்ணீர் 20.

என் தொட்டியிலுள்ள நியான் டெட்ராவின் பூர்வீகம் அமேசான் காட்டு ஓடைகள். உப்பும் சுண்ணாம்பும் மிகக் குறைந்த மென்னீரில் வாழ்ந்த மீன். அதற்காக ஆர்ஓ மெஷின் போடச் சொல்கிறார்கள். அது ஒரு லிட்டர் கொடுக்க அதைவிட அதிகமாகச் சாக்கடைக்கு அனுப்பும். 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்துக் குடித்த ஊர் சென்னை. அழகுக்கு வளர்க்கும் மீனுக்காக இங்கே தண்ணீரைக் கொட்ட எனக்கு மனம் ஒப்பாது. வானம் சும்மா தரும்போது அது தேவையும் இல்லை.

அக்டோபர் 22

மழைநீரை மட்டும் ஊற்றி மீன் வளர்க்க முடியாது. அதில் கார்பனேட் அநேகமாக இல்லை. மீன் கழிவின் அம்மோனியாவைப் பாக்டீரியா மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அதைச் சமன்செய்ய கார்பனேட் இல்லாவிட்டால் பிஎச் சரசரவென இறங்கும். அந்தப் பாக்டீரியாவும் சுணங்கிவிடும். போர் தண்ணீரில் நாம் திட்டும் அதே சுண்ணாம்புதான் இங்கே காவல்.

அதனால் டெட்ரா தொட்டிக்கு மூன்று பங்கு மழைநீர், ஒரு பங்கு போர் தண்ணீர். கலந்தபின் மீட்டர் 290 காட்டியது. தங்கமீனுக்குப் பாதிக்குப் பாதி. மோலிக்கும் கப்பிக்கும் மழைநீரே வேண்டாம். கடின நீர்தான் அவற்றுக்குச் சுகம். எந்தத் தொட்டியானாலும் ஒரே நாளில் கால் பங்குக்கு மேல் மாற்றுவதில்லை. டிரம் தண்ணீர் அறைச் சூட்டுக்கு வந்தபிறகு மெல்லிய டியூபில் விடுகிறேன்.

அக்டோபர் 25

பக்கத்துத் தெரு நண்பர் தகரக் கூரைத் தண்ணீரைப் பிடிக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தகரத்தின் துத்தநாகப் பூச்சு மழைநீரில் கரையும். துத்தநாகம் மீனுக்கு நஞ்சு. மென்னீரில் அதன் வேகம் இன்னும் கூடுதல். புதிதாகப் பெயின்ட் அடித்த மாடியும் ஆகாது. சிமென்ட் தளமோ ஓட்டுக் கூரையோ போதும்.

அக்டோபர் 28

கொசு ஒழிப்புக்கு மாநகராட்சியிலிருந்து ஒரு அம்மா வந்தார். "டிரம்ல மூடி இருக்கா சார்?" என்று கேட்டுக்கொண்டே மாடி ஏறி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். டிரம் வாயில் நைலான் வலையை இறுக்கிக் கட்டி மேலே மூடியும் போட்டிருக்கிறேன். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தெளிந்த தண்ணீரில் முட்டையிடும்; ஒரு வாரம் பத்து நாளில் அவை கொசுவாகிப் பறந்துவிடும். மழைநீர் பிடிப்பவர் வலை கட்டாவிட்டால் தெருவுக்கே காய்ச்சலை வரவழைப்பார்.

நவம்பர் 3

மூன்று நாளாக வெயிலே இல்லை. விடிகாலையில் பின்கட்டுக் குளத்தில் கோய் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மப்பு நாளில் பாசி ஆக்சிஜன் தருவது குறையும். குளிர்ந்த மழைநீர் அடியில் இறங்கி, ஆக்சிஜன் அற்ற அடித்தண்ணீரை மேலே கிளப்பும். உடனே ஏர் பம்ப் போட்டேன், தீனியை நிறுத்தினேன். மழைநீரால் பிஎச் இறங்காதிருக்கக் கிளிஞ்சல் மூட்டையையும் ஃபில்டருக்குள் வைத்தேன். மீன்பண்ணைக்காரர்கள் மழைக்காலத்தில் குளத்துக்குச் சுண்ணாம்பு போடுவதும் இதே கணக்குத்தான். மத்தியானத்துக்குள் மீன்கள் கீழே இறங்கிவிட்டன.

நவம்பர் 9

டெட்ராக்களின் நீலக்கோடு நன்றாகத் துலங்குகிறது. கண்ணாடியில் படியும் வெள்ளை உப்புக் கறையும் குறைந்திருக்கிறது. மார்கழி போனால் மழை போய்விடும். கோடைக்கென்று இன்னும் இரண்டு டிரம் வாங்கப் போகிறேன். அதற்கு மேல் ஆசைப்பட மாட்டேன். டிரம் நிரம்பி வழிவது முழுக்கக் குழிக்கே போக வேண்டும். டெட்ராவுக்குக் கலக்கும் அந்த ஒரு பங்கு போர் தண்ணீர், நிலத்துக்குள் நாம் இறக்கி வைத்தால்தான் அடுத்த கோடையிலும் கிடைக்கும்.