கவுண்ட் இறங்கும் வாரம்

கீமோ ஏற்றி ஒன்பதாம் நாள். ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளையணுவைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், நியூட்ரோபில் வரியைப் பாருங்கள் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். 1500க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 500க்குக் கீழே ஆபத்து. அக்காவுக்கு இன்று 420.

*

சீழ் என்பது பெரும்பாலும் செத்துப்போன வெள்ளையணுக்கள்தான். இத்தனை வயதில் இப்போதுதான் தெரிந்தது. அவை இல்லாத உடம்பில் புண் சீழ் வைக்காது, சரியாக வீங்காது. நிமோனியா இருந்தும் எக்ஸ்ரே சுத்தமாகத் தெரியலாம். பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் தகவல் சொல்லும். 100.4 தொட்டால் நேரே ஆஸ்பத்திரி, ராத்திரி இரண்டு மணியானாலும். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும்.

பாராசிட்டமாலை ஒளித்து வைத்திருக்கிறேன். லேசாகச் சுட்டாலே அம்மாவின் கை அதைத்தான் தேடும். சூடு இறங்கிவிடும், கிருமி அப்படியே இருக்கும்.

*

இருமிக்கொண்டே வந்த சித்தப்பாவைத் திண்ணையோடு நிறுத்தினேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை செருகியிருந்தால் இவரே வாசலோடு திரும்பியிருப்பார். கீமோவுக்கு ஓர் இலையும் இல்லை.

*

பச்சையாக எதுவுமே கூடாது என்றார் பக்கத்துக் கட்டில்காரர். டாக்டர் சிரித்தார். அந்தக் கடும்பத்தியம் தொற்றைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லையாம். நன்றாகக் கழுவினால் போதும், தோல் உரித்துத் தின்னும் பழம் நல்லது, தெருவில் நறுக்கி வைத்தது மட்டும் வேண்டாம். இரண்டு வாரத்துக்குப் பிறகு சாத்துக்குடி. ஒரு சுளையை எவ்வளவு நேரம் சப்பினாள்!

*

நான் வீடு முழுக்க ஃபினாயில் ஊற்றிக்கொண்டிருந்தேன். தொற்றுகளில் பல அவள் குடலிலும் வாயிலும் தோலிலும் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிகளால் வருபவை. கீமோவில் வாயும் குடலும் புண்ணாகும்போது அந்த வழியாக ரத்தத்துக்குள் நுழைகின்றன. உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் வாய் கொப்பளிப்பதைத்தான் முதலில் கவனித்திருக்க வேண்டும்.

*

அக்காவின் பேத்திக்குப் போன வாரம் போலியோ சொட்டு. அதில் இருப்பது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள வைரஸ். சில வாரங்கள் மலத்தில் வெளியேறும். குழந்தைக்குக் கால் கழுவும் வேலை அக்காவிடமிருந்து பறிபோனது. ஊசிக்கும் வாந்திக்கும் அழாதவள் இதற்கு அழுதாள்.

*

இரவு 11.10. 99.6.

11.40. 99.9. ஃபைல், துண்டு, போர்வை பையில். ஆட்டோக்காரரை எழுப்பிச் சொல்லியாயிற்று. தெர்மாமீட்டரை மறுபடி துடைக்கிறேன்.