பிள்ளைகளின் பங்கு

அஸர் தொழுகைக்கும் மஃரிபு தொழுகைக்கும் இடைப்பட்ட பொழுது பிள்ளைகளுக்கு உரியது. முப்பது ஆண்டுகளாக மக்தபிலும் அரபிப் பாடசாலையிலும் ஓதிக் கொடுத்து வரும் நமக்கு இதனை எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு, தாய் நீட்டும் கவளத்தை வாயில் வாங்கிக்கொண்டே அவர்கள் ஓடும் ஓட்டத்தைப் பார்த்தாலே புரியும். அந்த ஒரு மணி நேரம் ஓடியாடிய பிள்ளை, மஃரிபுக்குப் பின் ஓத வந்து அமரும்போது அதன் நாவில் எழுத்துகள் திருத்தமாக விழுகின்றன. வீட்டிற்குள் அடைபட்டுக் கிடந்த பிள்ளையோ கொட்டாவி விடுகிறது.

இவ்வளவு அறிந்திருந்தும், அவர்கள் எங்கே ஓடி விளையாடுகிறார்கள் என்று நாம் நெடுங்காலம் கேட்டதில்லை. கேளாதது மட்டுமா? அவர்களுக்கென்று விடப்பட்டிருந்த இடத்தை அவர்களிடமிருந்து வாங்கிவிடவும் முயன்றோம். அதனை மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்றே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் பெருஞ்சாலையை விட்டு ராசிபுரம் பக்கமாகத் திரும்பினால், முன்னாளில் இருபுறமும் மரவள்ளியும் நிலக்கடலையும் சோளமும் காணலாம். ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு ஏற்றிச் செல்லும் வண்டிகளே அங்கே போக்குவரத்து. இன்று அக்காடுகளில் பல, வெள்ளையடித்த எல்லைக் கற்களும் காற்றில் படபடக்கும் வண்ணக் கொடிகளுமாக மனைப்பிரிவுகளாகிவிட்டன. அப்படிப்பட்ட ஒன்றில், பதினைந்து ஆண்டுகளுக்கு முன், மனைவியின் வளையல்களை விற்றும் கடன் பட்டும் நாமும் ஒரு மனை வாங்கினோம். தரகர் வரைபடத்தை விரித்து, நடுவே பச்சை மையிட்டிருந்த ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். “ஹஜ்ரத், இது பூங்கா. ஒங்க பேரப்புள்ளைங்க இங்கதான் வெளையாடும்” என்றார். அந்தப் பச்சையைக் கண்டு நம் மனம் குளிர்ந்தது உண்மை.

வீடுகள் எழுந்தன. லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைத் தொழிலாளர், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடநாடு சென்று வருவோர், கோழிப் பண்ணைக் கணக்கர், வளைகுடாவிலிருந்து பணம் அனுப்புவோரின் குடும்பங்கள் எனப் பலரும் குடியேறினர். கீழத் தெருவில் பெரும்பாலும் நம்மவர்; மேலத் தெருவில் இந்துச் சகோதரர்கள். சிறியதாக ஒரு பள்ளிவாசலும் வந்தது. பச்சை மையிட்ட இடத்தில் மட்டும் பச்சையாக வந்தது சீமைக் கருவேலம் ஒன்றுதான். வீடு கட்டியவர்கள் மிஞ்சிய செங்கல் துண்டுகளையும் சிமெண்டுக் கட்டிகளையும் அங்கே கொட்டினார்கள். கொட்டியவர்களில் நாமும் ஒருவர்.

சில ஆண்டுகள் கழிந்தன. மக்தபுக்கு இடம் போதவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜமாஅத்தார் கூடிப் பேசும்போது, “பூங்கா எடம் சும்மாத்தானே கெடக்கு” என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். மேலத் தெருவினர் அங்கே பிள்ளையார் கோவில் கட்டப் பார்க்கிறார்கள் என்று மற்றொருவர் சொன்னார். அவர்கள் முந்திக்கொள்ளுமுன் நாம் முந்திக்கொள்ள வேண்டும் என்பதே அன்றைய முடிவு. எழுதத் தெரிந்தவர் என்ற முறையில், அந்த இடத்தை மக்தபுக்கு ஒதுக்கித் தருமாறு உள்ளாட்சி அலுவலகத்துக்கு மனு எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தது. நல்ல தமிழில், நான்கு பக்கம் எழுதினோம். கல்வியின் சிறப்பைப் பற்றி அதில் எழுதாதது ஒன்றுமில்லை. அம்மனுவுக்கு விடை வரவேயில்லை. அதற்காக இன்று அல்லாஹ்வைப் புகழ்கிறோம்.

அடுத்த ஆண்டு, நம்மிடம் ஓதும் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அஸருக்குப் பின் தெருமுனையில் பந்து விளையாடிக் கொண்டிருந்தான். பந்து சாலைக்கு ஓடியது, அவனும் ஓடினான். முட்டை ஏற்றி வந்த சிறு லாரி அவனைத் தட்டிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை, கால் எலும்பு இரண்டிடத்தில் முறிந்தது. மூன்று மாதம் கட்டிலில் கிடந்தான். நாம் பார்க்கச் சென்றபோது அவன் தாயார் திரைக்கு அப்பாலிருந்து, “ரோட்ல வெளையாடாதடான்னு தெனமும் சொல்லுவேன் ஹஜ்ரத், வேற எங்க வெளையாடுறதுன்னு கேப்பான், எனக்குப் பதில் சொல்லத் தெரியலை” என்றார். நமக்கும் தெரியவில்லை.

அந்த வாரத்திலேதான் மூத்த மாணவர்களுக்கு ஃபிக்ஹில் வக்ஃபுப் பாடம் நடந்தது. ஹழரத் உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை, விற்கவும் ஈயவும் வாரிசாகப் பெறவும் இயலாதவாறு அறத்துக்கு விட்ட வரலாற்றைச் சொன்னோம். வேலூர் பாக்கியாத்தில் நம் உஸ்தாதுமார்கள் சொல்லித் தந்தவாறே, கொடுத்தவர் எந்த நோக்கத்துக்கு விட்டாரோ அதனை நம் விருப்பம்போல் மாற்றலாகாது என்றும் விளக்கினோம். ஒரு மாணவர் எழுந்து, “அப்படியானால் ஹஜ்ரத், நம் பூங்கா இடத்தில் மக்தப் கட்டலாமா?” என்று கேட்டார். அவர் குறும்பாகக் கேட்கவில்லை, ஐயமாகவே கேட்டார். நாளை சொல்கிறோம் என்று கிதாபை மூடிவிட்டோம்.

அது வக்ஃபு நிலமன்று என்பது நமக்குத் தெரியும். சட்டம் கட்டாயப்படுத்தியதால் மனை விற்றவர் விட்ட நிலம் அது. ஆனாலும் ஒரு நோக்கத்துக்கென்று ஒப்படைக்கப்பட்ட பொருள் அமானிதம் அன்றோ? அன்றிரவு நம் நினைவுக்கு வந்தது மதீனத்துப் பள்ளிவாசலின் வரலாறு. அந்த நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களுக்கு உரியது. இலவசமாகவே தர முன்வந்தும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே பெற்றார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பள்ளி கட்டுவதைவிட உயர்ந்த நோக்கம் வேறென்ன? அதற்கே சிறுவர்களின் நிலத்தை விலையின்றிக் கொள்ள அவர்கள் இசையவில்லை. நாமோ நான்கு பக்க மனு ஒன்றால் கொள்ளப் பார்த்தோம்.

மறுநாள் மாணவரிடம், “கட்டக் கூடாது, மனு எழுதியது நம் தவறு” என்று சொன்னோம். அதன் பின்னரே சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தோம். வாசகர்களில் பலர் மனை வாங்குவோர், சிலர் மனை பிரித்து விற்போர். ஆதலின் சற்று விரித்துச் சொல்கிறோம்.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் மனைப்பிரிவுகளை ஒழுங்கு செய்கிறது. இன்று நடைமுறையிலிருப்பவை 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அவற்றின்படி 3,000 சதுர மீட்டர் வரையுள்ள இடத்துக்குத் திறந்தவெளி விடும் கடமை இல்லை. அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை, சாலை நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கை நிலமாக விட வேண்டும். நிலம் விட இயலாதபோது அதற்கு ஈடான மதிப்பைப் பணமாகச் செலுத்தலாம். 10,000 சதுர மீட்டரை, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கரைக் கடந்துவிட்டால் பணம் செல்லாது. நிலத்தையே தானப் பத்திரமாகப் பதிவு செய்து ஒப்படைக்க வேண்டும். ஐந்து ஏக்கர் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு சாலைக்குப் போனால், எஞ்சியதில் பத்தில் ஒரு பங்கு 33 செண்டு. முப்பத்து மூன்று செண்டில் ஒரு தெருப் பிள்ளைகள் அனைவரும் ஓடலாம்.

இவ்வாறு விலையின்றி நிலத்தை வாங்குவது முறையா என்று சென்னை அடுக்ககக் குடியிருப்போர் தொடுத்த வழக்கில், முறையே என்று 2023 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 1991இல், பெங்களூர் ராஜ்மகால் விலாஸ் பகுதியின் வழக்கொன்று முடிந்தது. அங்கே பூங்காவுக்கு விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்திருந்தார்கள். குடியிருப்போர் வழக்காடினர்; அந்த ஒதுக்கீடு செல்லாதென்றே உச்சநீதிமன்றம் சொன்னது. மருத்துவமனை நற்காரியந்தான். மக்தபும் நற்காரியந்தான். ஆனால் ஒரு நன்மையின் இடத்தைப் பறித்து மற்றொரு நன்மையைக் கட்டலாகாது. பூங்கா, தெரு முதலிய பொது இடங்களில் கோவிலோ பள்ளிவாசலோ மாதாகோவிலோ புதிதாக எழுப்பக் கூடாதென 2009 செப்டம்பரில் அதே நீதிமன்றம் ஆணையிட்டதும் உண்டு. பறித்த நிலத்தில் தொழும் தொழுகையைப் பற்றி நம் இமாம்கள் முன்னமே சொல்லியிருக்கிறார்கள்: சிலர் அத்தொழுகை கூடவே கூடாதென்றனர், மற்றவர் கூடினாலும் பறித்த பாவம் நீங்காதென்றனர்.

இவற்றையெல்லாம் ஜமாஅத்தில் எடுத்துச் சொன்னோம். முத்தவல்லி அவர்கள் வயதில் மூத்தவர். நம்மை இவ்வூருக்கு அழைத்து வந்தவரும் அவரே. “மனு எழுதுனது நீங்கதானே ஹஜ்ரத்?” என்றார்.

“நாம்தான் எழுதினோம். ஆகையால் திரும்பப் பெறும் மனுவையும் நாமே எழுதுகிறோம்.”

“நாம விட்டுட்டா அவங்க கோவில் கட்டிடுவாங்களே?”

“அவர்களிடமும் போய்ச் சொல்வோம்.”

ஒருவர் எழுந்து, ஹஜ்ரத்துக்குச் சம்பளம் தருவது ஜமாஅத்தா, மேலத் தெருவா என்று கேட்டார். சபை அமைதியாயிருந்தது. சம்பளத்தை நம்பி வாழும் நமக்கு அச்சமில்லை என்று எழுதினால் அது பொய். வீட்டில் மணம் பேசும் வயதில் ஒரு மகள் இருந்தாள். சில மாதங்கள் சிலர் நம் ஸலாமுக்கு வாய்க்குள்ளேயே விடையிறுத்தனர். ஆயினும் முத்தவல்லி அவர்கள் ஒரு வாரம் யோசித்து, ஃபஜ்ருக்குப் பின் நம்மைத் தனியே அழைத்து, “வாங்க, மேலத் தெருவுக்குப் போவோம்” என்றார். அது பெருந்தன்மை.

மேலத் தெருவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டில் அமர்ந்து பேசினோம். அவர் சிரித்தார். “நீங்க பள்ளிவாசல் கட்டிடுவீங்கன்னு பயந்துதான் எங்காளுங்க கோவில் பேச்சே எடுத்தாங்க” என்றார். இருபுறமும் இருந்தது பக்தியன்று, பயம். ஒருவருக்கொருவர் அஞ்சி இரு தெருக்காரரும் கட்டப் பார்த்தது பிள்ளைகளின் நிலத்தில்.

இரு தெருவினரும் சேர்ந்து கையெழுத்திட்டு மனுக் கொடுத்தோம். தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம், பதிவாகியிருந்தது. மூன்று ஆண்டுகள் நடந்தோம். கருவேலம் வெட்டப்பட்டது, கம்பி வேலி வந்தது, இரண்டு ஊஞ்சலும் ஒரு சறுக்குமேடையும் வந்தன. வேம்பும் புங்கமும் நாமே நட்டோம். கோடையில் குடம் குடமாக நீர் ஊற்றியவர்கள் இரு தெருப் பெண்கள். ஓர் ஊஞ்சலின் சங்கிலி அறுந்தபோது எவரும் வந்து மாற்றவில்லை. பட்டறைத் தொழிலாளர் ஒருவர் தாமே பற்றவைத்துக் கொடுத்தார். மக்தபுக்குப் பள்ளிவாசலின் மேலே ஒரு தளம் எழுப்பினோம். கடன் இன்னும் தீரவில்லை.

சொல்லவேண்டியவை இன்னும் சில உண்டு.

மனை வாங்குவோரே! வரைபடத்தின் பச்சை மையைக் கண்டு மகிழ்ந்து நிற்காதீர்கள். அங்கீகரித்த வரைபடத்தில் அந்த இடம் எவ்வளவு, அது தானப் பத்திரமாகப் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பத்திரம் பதிவாகாத இடம், சில ஆண்டுகளில் மனை எண் பெற்று விலைக்கு வந்துவிடக் கூடும்.

மனை விற்கும் சகோதரர்களே! பத்தில் ஒரு பங்கு என்றதும், எவரும் வாங்காத பள்ளத்தையும் மூலையையும் தேடி ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. தாம் கண்மூடியன்றி வாங்கிக்கொள்ளாததைப் பிறருக்கு ஈயலாகாது என்பது நம் மார்க்கம் அறிந்த பாடம். தெருக்களுக்கு நடுவே, வீட்டு வாசலிலிருந்து தாய் பார்க்கும் தொலைவில் அதை விடுங்கள்.

சிறிய மனைப்பிரிவுகளில் நிலத்துக்குப் பதில் செலுத்தப்படும் பணமும் பிள்ளைகளின் பங்கே. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான அங்கீகாரமில்லா மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு விதிகள் செய்தபோது, திறந்தவெளிக் கட்டணத்தை மனை வாங்கிய ஏழைகளே கட்டினர். அந்த இரசீது நம் வாசகர் பலரின் பெட்டியிலும் இருக்கும். இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்கீழ், வீடு கட்டி விற்பவர் அருகிலுள்ள பூங்காவுக்கும் விளையாட்டிடத்துக்கும் தரவேண்டிய தொகையை ஒப்பந்தமாகவே எழுதி வாங்குகிறார்கள். இங்கும் பணம் வாங்கப்படுகிறது. எத்தனை ரூபாய் வந்தது, எந்தப் பூங்காவில் அது நிழலாயிற்று என்று கேட்பது நம் கடமை. கிராம சபை என்று ஒன்று இருப்பது அதற்காகவும்தான்.

பேரர் ஹஸன் (ரலி), ஹுஸைன் (ரலி) இருவரும் ஸஜ்தாவில் முதுகில் ஏறியபோது இறங்கும்வரை பொறுத்திருந்த பெருமானார் (ஸல்) அவர்களின் உம்மத்து நாம். அபிசீனியர் பள்ளியில் ஈட்டி விளையாட்டு ஆடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் காட்டி நின்றவர்களும் அவர்களே. பிள்ளைகளின் விளையாட்டை வீண் என்று எண்ணும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

கால் முறிந்த அந்தப் பிள்ளை இப்போது மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறான். சற்றே சாய்ந்து நடப்பான், ஓடுவதில்லை. அஸருக்குப் பின் பூங்காத் திண்ணையில் அமர்ந்து, சிறு பிள்ளைகளின் ஆட்டத்துக்கு நடுவராக இருக்கிறான். மஃரிபு பாங்கு கேட்டதும் பந்தை அவனே வாங்கி வைத்துக்கொண்டு பள்ளிக்கு அனுப்பிவிடுகிறான். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவன் எழுந்து ஸலாம் சொல்கிறான். பதில் சொல்லும்போது, முன்பொரு நாள் நாம் எழுதிய அந்த நான்கு பக்க மனு நினைவுக்கு வருகிறது.