ஆள் துணை எப்போது வேண்டும்?

வயதான பெற்றோருக்கு அன்றாடம் ஆள் துணை வேண்டுமா என்பதை வயதை வைத்தோ நோயின் பெயரை வைத்தோ சொல்லிவிட முடியாது. 85 வயதில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. 68 வயதில் குளிக்கவே ஆள் தேவைப்படுகிறவர்களும் உண்டு. ஒரு நாளின் வேலைகள் அவரால் ஒழுங்காக நடக்கின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதைக் கணிக்க மருத்துவர்களிடம் இரண்டு பட்டியல்கள் உண்டு. அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவருடைய குழுவினரும் 1963இல் வெளியிட்டதில் ஆறு வேலைகள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து எழுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. ஆய்வாளர்கள் லாட்டனும் பிராடியும் 1969இல் தந்ததில் எட்டு: தொலைபேசி, கடைகண்ணி, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, வெளியே போய்வருவது, மருந்து, பணம். பிள்ளைகள் முதல் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். "தானாத்தான் குளிக்கிறாங்க, தானாத்தான் சாப்பிடறாங்க, அப்புறம் என்ன?" என்பார்கள். மூப்பில் பெரும்பாலும் முதலில் தடுமாறுவதோ இரண்டாவது பட்டியல், அதிலும் பணமும் மருந்தும்.

மருந்தைச் சோதிப்பது எளிது. தினம் ஒன்று போட வேண்டிய இரண்டு மாத்திரைகளை ஒரே நாளில் வாங்கியிருந்தால் இரண்டு அட்டைகளும் ஒன்றாகக் குறைய வேண்டும். ஒன்று தீர்ந்து மற்றது பாதி மிச்சமிருந்தால் ஏதோ தவறுகிறது. பணத்தில் கரண்ட் பில் நிலுவையில் கிடக்கும். பால்காரருக்கு ஒரே மாதத்தில் இரண்டு தடவை பணம் போயிருக்கும். சமையலறையில் புளித்துப் பொங்கிய மாவும், அடி கருகி மூலையில் ஒளித்துவைத்த பாத்திரமும் இருக்கும். மூன்று வேளையும் டீயும் ரஸ்க்குமாக ஓடும். ஒருநாள் பால் பொங்கி வழிவது யார் வீட்டிலும் நடப்பதுதான். பக்கத்து வீட்டுப் பெரியவரோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அவரையே அவருடைய பழைய வழக்கத்தோடு ஒப்பிட வேண்டும். கணக்கில் புலியாக இருந்தவர் பாஸ்புக்கைத் தொடாமலே வைத்திருந்தால்தான் அது செய்தி.

உடல் சார்ந்த வேலைகள் குழந்தை கற்றுக்கொள்ளும் வரிசைக்கு நேரெதிராகக் கைவிட்டுப் போகின்றன என்பது காட்ஸ் கவனித்தது. குளியல் முதலில் போகும், சாப்பாடு கடைசியில். "காலையிலேயே குளிச்சாச்சு" என்ற பதில் வரும். கொடியில் துண்டு மொடமொடவென்று காய்ந்திருக்கும், சோப்பு வறண்டு வெடித்திருக்கும். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை சுவரில் கை பட்டுப் பட்டு அழுக்கேறிய ஒரு கோடு ஓடினால், பிடிமானம் இல்லாமல் அவரால் நடக்க முடியவில்லை என்று பொருள். அந்தக் கோட்டுக்கு மழுப்பத் தெரியாது. "விழல, சும்மா உக்காந்துட்டேன்" என்பதை விழுந்ததாகவே கொள்வது நல்லது.

இவையெல்லாம் பிள்ளைகள் கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. போனில் பத்து நிமிடம் தெளிவாகப் பேச யாராலும் முடியும். பொங்கலுக்கு வரும்போது வீடு துடைத்து, பலகாரம் செய்து, பெற்றோர் தயாராக இருப்பார்கள். தம்பதியாக இருந்தால் இன்னும் சிரமம்: அப்பாவின் மறதியை அம்மா மறைப்பார், அம்மாவின் முழங்காலுக்கு அப்பா ஈடுகொடுப்பார். ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தபின்தான் மற்றவரின் நிலை வெளியே வரும். முன்னறிவிப்பில்லாமல் போய் இரண்டு இரவு தங்குவது, மருந்துக்கடைக்காரரிடமும் எதிர்வீட்டுக்காரரிடமும் விசாரிப்பது, இவை போனைவிட உண்மை சொல்லும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறவரும் கேட்கத் தக்கவரே.

மாற்றம் திடீரென்று வந்தால் ஆள் தேடுவதற்கு முன் மருத்துவரிடம் போக வேண்டும். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று உளறினால் சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவு, புதிதாகச் சேர்த்த மாத்திரை என எதுவாகவும் இருக்கலாம். சிகிச்சையில் பெரும்பாலும் தெளியும். மாதக்கணக்கில் மெல்லச் சரிவதற்கே நிலையான ஏற்பாடு தேவை.

அந்த ஏற்பாடு எடுத்த எடுப்பில் முழுநேர ஆளாக இருக்க வேண்டியதில்லை. "உங்களுக்கு ஆள் போடறோம்" என்றால் "எனக்கென்ன வந்துச்சு?" என்ற சண்டைதான் மிஞ்சும். சமையலுக்கு ஒருவர், வாரத்துக்கான மாத்திரை டப்பாவை நிரப்ப ஒருவர் என்று தடுமாறும் வேலைக்கு மட்டும் கை கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள். என்ன உதவி எங்கே கிடைக்கும் என்று தெரியாதவர்கள் முதியோர் உதவி எண் 14567இல் கேட்கலாம். அடுப்பை எரியவிட்டு மறப்பவர், விழுந்தால் தானாக எழ முடியாதவர், தெருமுனையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றவர் ஆகியோரின் கதை வேறு. இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவில் தனியாக விடக் கூடாது. அங்கே அவர் சம்மதிக்கட்டும் என்று காத்திருப்பதற்கும் இடமில்லை.